கீழே இறங்குவோமா? கிரீஸ் குரூப் டூர் போகிறவர்களுக்குச் சென்னிமலை டீச்சர் சொல்வது

டூர் கம்பெனிக்காரர் கொடுக்கும் பயணத் திட்டத்தை முதலில் கையில் எடுங்கள். கூடவே ஒரு சிவப்பு மைப் பேனா. 31 வருடம் வரலாற்றுப் பேப்பர் திருத்தியவள் நான். அந்தப் பழக்கம் இங்கேதான் உதவியது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ‘பேனரமிக் டூர்’, ‘ஓரியன்டேஷன்’, ‘போட்டோ ஸ்டாப்’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சுழித்துவிடுங்கள். பேனரமிக் என்றால் பஸ் ஜன்னல். போட்டோ ஸ்டாப் என்றால் பதினைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் நாற்பது பேர் இறங்கி ஏறவே சரியாகப் போகும். ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று எழுதியிருந்தால்தான் உள்ளே கால் வைப்பீர்கள்.

முதல் தடவை இது தெரியாமல் மாட்டினேன். எட்டு நாளில் பதினோரு இடம் என்று நோட்டீஸ். கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸையும் அவர் காலத்துப் பார்த்தினான் கோயிலையும் வருடா வருடம் போர்டில் வரைந்து நடத்தியவள், அந்தக் கோயிலை அடிவாரத்து ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். டெலோஸ் தீவு ‘நேரமில்லை’ என்று போனது. அந்த நேரத்துக்கு ஒரு நகைக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

இரண்டாம் முறை நாங்களே பதினாறு பேர் சேர்ந்தோம். சென்னிமலை, பெருந்துறை, காங்கயம் ஆட்கள், பாதிப் பேர் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே கேள்வி வைத்தேன்: “கீழே இறங்குவோமா? எத்தனை மணி நேரம்?” பதிலை எழுதி வாங்கினேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தினான் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸுக்கு இரண்டு மணி, அதன் மியூசியத்துக்குத் தனியாக இரண்டு மணி, டெல்பிக்கு மியூசியத்தோடு மூன்று மணி, டெலோஸுக்கு மூன்று மணி. இதற்குக் குறைந்தால் பேரம் பேசுங்கள். நேரம் பற்றாது என்றால் ஓர் ஊரை வெட்டச் சொல்லுங்கள். நான் கிரீட் தீவை வெட்டினேன். அங்கே நாசஸ் அரண்மனை பெரிய விஷயம்தான், ஆனால் 1900-இல் தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட் போட்டு எழுப்பி, தூணுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம்.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும். ரொம்பக் காய்ந்தால் மத்தியானத்தில் அக்ரோபோலிஸையே சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள். ஏப்ரல், மே நல்லது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை இன்னும் நல்லது. ஆனால் அது நமக்குப் புரட்டாசி. எங்கள் குழுவில் ஒன்பது பேர் கவுச்சி தொடாத மாதம். அந்தக் கதைக்குச் சாப்பாட்டில் வருகிறேன்.

வீசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டியது ஷெங்கன் வீசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் போய் நின்றால் வாங்க மாட்டார்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகைக்கு நேரில் போக வேண்டும். நாங்கள் ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் வந்தோம். ரேஷன் கடையில் ரேகை விழாதவர்கள் இங்கேயும் பத்துத் தரம் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருக்கும், கோபப்படாமல் நில்லுங்கள். பென்ஷன்காரர்கள் ஓய்வூதிய ஆணை நகலையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். டூர் கம்பெனிக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று வரிக்காக ஒரு தொகை பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் நம் பெயரில் ஏறிவிடும், ரசீதைத் தொலைக்காதீர்கள். கிரீஸில் ஹோட்டல் அறைக்கு, நட்சத்திரத்துக்குத் தகுந்தபடி, அரசு ராத்திரிக்கு இவ்வளவு என்று வரி வாங்குகிறது. அது பேக்கேஜில் சேர்ந்ததா என்று இங்கேயே கேட்டுவிட்டால் அங்கே கவுன்டரில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அடுத்தது கைடு. அந்த நாட்டில் தொல்லியல் இடங்களுக்குள் உரிமம் பெற்ற கைடுதான் விளக்கிச் சொல்லலாம். நம்மோடு வரும் டூர் மேனேஜர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் உள்ளே வாய் திறக்க முடியாது. அப்படியானால் எல்லாம் இங்கிலீஷில்தான், அதுவும் காதில் மாட்டிய கருவி வழியாக. பாதிப் பேருக்குப் பாதிதான் புரியும். இதற்கு நாங்கள் கண்ட வழி, முதல் நாள் ராத்திரியே ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்லிவிடுவது. அரை மணி போதும். டீ மேசையில் சர்க்கரைப் பாக்கெட் நாலை வைத்துக் காட்டினேன்: இது நுழைவாயில், வலது கைப் பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கோயில் வெற்றித் தேவதை நைக்கிக்கு, உள்ளே போனதும் வலப்பக்கம் பெரியது பார்த்தினான், இடப்பக்கம் பெண் சிலைகள் கூரை தாங்கும் எரெக்தியான். மறுநாள் மேலே ஏறியதும் எங்கள் அண்ணன் சம்சாரம், நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம், “அம்மிணி, சர்க்கரைப் பொட்டணம் வெச்ச எடத்துலயே இருக்குது பாரு” என்றார். கைடு அம்மாள் என்ன சிரிப்பு என்று கேட்டார். உங்கள் குழுவில் ஒரு டீச்சரோ, படித்துச் சொல்கிற பிள்ளையோ இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

காலைப் பழக்குவது பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. கிரீஸில் பார்க்க வேண்டியது முக்கால்வாசி மேட்டில் இருக்கிறது. புறப்படும் முன் இரண்டு மாதம், வாரம் இரு முறை சென்னிமலைப் படி ஏறினோம். 1320 படியை நின்று நின்றாவது ஏறி இறங்கியவருக்கு அக்ரோபோலிஸ் ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஏற்றத்தைவிட வழுக்கல்தான் சங்கடம். எத்தனையோ நூற்றாண்டாக மிதிபட்டுச் சலவைக்கல் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது, மழை தூறினால் கேட்கவே வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள பழகிய ஷூ போடுங்கள். புது ஷூவை ஏர்போர்ட்டில் பிரிக்காதீர்கள். புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள், ஆனால் கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டி, கீழே ஷூ. உச்சியில் காற்று முந்தானையைப் பிடுங்கும், பின் குத்திக்கொள்ளுங்கள். மீட்டியோராவில் பாறை உச்சியில் இருக்கும் கிறிஸ்தவ மடங்களுக்குப் போகும் குழு என்றால் புடவை அங்கே ராஜ மரியாதை. பேன்ட் போட்ட பெண்களுக்கு வாசலில் பாவாடைத் துணி சுற்றி விடுவார்கள், நாம் நேரே உள்ளே போகலாம்.

அக்ரோபோலிஸ் சீட்டில் நேரம் குறித்திருக்கும். எட்டு மணிச் சீட்டு என்றால் எட்டு மணி. “இதோ வந்துட்டேனுங்க” என்று ஒருவர் குளிக்கப் போனால் பதினாறு பேருக்கும் நஷ்டம். காலை முதல் நேரத்தையே கேளுங்கள், கிடைக்காவிட்டால் சாயங்காலம். பார்த்தினானுக்குள் விட மாட்டார்கள், சுற்றித்தான் வர வேண்டும். கி.மு. 447-இல் தொடங்கிப் பதினைந்து வருடத்தில் முடித்த வேலை. 1687 வரை பெரும்பாலும் முழுசாகத்தான் நின்றது. துருக்கியர் உள்ளே வெடிமருந்து அடுக்கி வைத்திருக்க, வெனிஸ் படை சுட்ட குண்டு அதில் விழுந்தது. இன்று சாரமும் கிரேனும் படத்தில் விழுந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம், அந்த உடைசலைத்தான் இன்னும் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் தவறாமல் பாருங்கள்: நீளப் பக்கத்துப் படிவரிசையின் ஓர் ஓரத்தில் குனிந்து, கண்ணைப் படி மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நேர்கோடாக இருக்காது. நடுவில் ஒரு சாண் கூட இல்லை, பத்து சென்டிமீட்டர் போல மேலே வளைந்திருக்கும். நேராகக் கட்டினால் கண்ணுக்குத் தொய்ந்து தெரியும் என்று வேண்டுமென்றே வளைத்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் இருந்த கொத்து வேலை மேஸ்திரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ரசமட்டம் வைத்து வேலை செய்தவருக்கல்லவா தெரியும். அப்புறம், எரெக்தியானில் நிற்கும் பெண் சிலைகள் நகல். அசல் ஐந்து கீழே மியூசியத்தில் இருக்கின்றன, ஆறாவது லண்டனில். மியூசியத்தை வெட்டிவிட்ட டூரில் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

டெல்பி ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். அன்றே போய்த் திரும்பலாம் என்பார்கள். முடிந்தால் ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். காலையில் பஸ்கள் வரும் முன் பர்னாசஸ் மலைச்சரிவில் அந்த வளைந்த பாதையில் ஏறுவது தனி அனுபவம். நம் ஆட்களுக்கு டெல்பியை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “சிவன்மலை உத்தரவுப் பெட்டி” என்றேன், அவ்வளவுதான். சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளைப் பெட்டியில் வைத்து, இதற்கு என்ன அர்த்தமோ என்று நாடே பேசுவதில்லையா? அங்கே பித்தியா என்ற பெண் முக்காலியில் உட்கார்ந்து அப்போலோ சாமியின் வாக்கைச் சொல்வாள். லிடியா ராஜா குரோசஸ் போர் தொடுக்கலாமா என்று கேட்டான். ஆற்றைத் தாண்டினால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று வந்தது வாக்கு. தாண்டினான், அழிந்தது அவனுடையது. இந்தக் கதை கேட்ட பிறகு அப்போலோ கோயிலில் மிஞ்சிய ஆறு தூணை யாரும் ‘வெறும் தூண்’ என்று சொல்லவில்லை. மேலே தியேட்டரோடு நின்றுவிடாமல் ஓட்டப்பந்தய மைதானம் வரை ஏறுங்கள். சென்னிமலைப் பயிற்சி அங்கேதான் பலன் கொடுத்தது. கீழே மியூசியத்தில் வெண்கலத் தேரோட்டி. சுமார் 2,500 வருடத்துக்கு முந்தைய கண்கள் அப்படியே நம்மைப் பார்க்கும்.

கொரிந்து கால்வாய்க்குப் போட்டோ ஸ்டாப் போதும், அது நியாயமான போட்டோ ஸ்டாப். மைசீனே சிங்க வாசலுக்கும் எபிடாரஸ் தியேட்டருக்கும் ஒரே நாள் போதும். எபிடாரஸில் 55 வரிசை. நடுக் கல்லில் காசு போட்டால் உச்சி வரிசையில் கேட்கும் என்று எல்லா கைடும் சொல்வார். நான் உச்சியில் உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு தெளிவாகக் கேட்டது, கைத்தட்டல் பக்கத்தில் தட்டியது போல இருந்தது. காசுச் சத்தம் எனக்குக் கேட்டதாக நினைவில்லை. கீழே இருக்கும் இன்னொரு குழு போகும் வரை பொறுத்திருந்து சோதியுங்கள்.

இனித் தீவுகள். முக்கியமான ஒரு மாற்றம்: தீவுகளைப் பயணத்தின் முதலில் வைக்கச் சொல்லுங்கள், கடைசி இரண்டு ராத்திரி ஏதென்ஸில் இருக்கட்டும். ஏஜியன் கடலில் மெல்டெமி என்று ஒரு வடக்குக் காற்று, கோடையில் பலமாக அடிக்கும். காற்று கடுமையானால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விடமாட்டார்கள். கடைசி நாளில் சான்டோரினியில் சிக்கினால் விமானம் போச்சு. கப்பலில் இறங்குவதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தீவில் கப்பல் சில நிமிடம்தான் நிற்கும். கரை தெரிந்ததுமே பெட்டி வைத்த கீழ்த்தளத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே லாரி, கார் எல்லாம் உறுமிக்கொண்டு நிற்க, பின்பக்கக் கதவு சங்கிலியோடு இறங்கும். எல்லாப் பெட்டியும் கறுப்பாகவே இருக்கும். நாங்கள் சென்னிமலைப் போர்வை ஓரத்தைக் கிழித்து ஒவ்வொரு கைப்பிடியிலும் கட்டியிருந்தோம். மைக்கோனோஸில் பதினாறு பெட்டியும் ஒரே பார்வையில் கிடைத்தது.

மைக்கோனோஸுக்கு எல்லாரும் வெள்ளை வீடும் காற்றாலையும் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அது டெலோஸுக்குப் படகு ஏறுகிற இடம். அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான பயணம். டெலோஸில் நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய் எடுத்துப் போங்கள். ராத்திரி தங்க அனுமதி இல்லை, கடைசிப் படகை விடக் கூடாது. அப்போலோ பிறந்த புனிதத் தீவு என்பதால் கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த சமாதிகளை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, இனி இங்கே பிறப்பும் கூடாது சாவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிற்பாடு ரோமர்கள் சுங்கம் இல்லாத் துறைமுகம் ஆக்க, உலகத்து வியாபாரிகள் எல்லாம் குவிந்தார்கள்.

கைடு சிங்கச் சிலைகளிடம்தான் நேரத்தைச் செலவழிப்பார். நீங்கள் தியேட்டர் பக்கத்து வீடுகளுக்கு முக்கால் மணி கேட்டு வாங்குங்கள். சந்தில் ஒரு வாசல், உள்ளே போனால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண், முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் சேரும் தொட்டி. எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தொட்டிக்கட்டு வீடு! கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும் அதே கட்டுமானம், மழை குறைந்த ஊருக்கு வேறு எப்படிக் கட்டுவது? ஒரு வீட்டில் தொட்டியின் வாய்க்கல் சலவைக்கல். அதன் விளிம்பில் விரல் போகிற அளவுக்குக் கயிறு அறுத்த தடம், ஐந்தாறு இடத்தில். நங்கையா கீழே குந்தி உட்கார்ந்து பார்த்தார். “எங்க அப்புச்சி தோட்டத்துக் கெணத்துலயும் இப்படித்தான் இருக்கும். எத்தன பொம்பளைங்க எறச்சிருப்பாளுகளோ” என்றார். கொடுமணலில் நொய்யல் கரையில் அகழாய்வு நடந்தபோது பிள்ளைகளை அழைத்துப்போய் நம்மோடு வியாபாரம் செய்த கிரேக்க, ரோமக்காரர்களை யவனர், யவனர் என்று நான் சொன்னதெல்லாம் எனக்கே அங்கேதான் ஆட்களாகத் தெரிந்தது.

சான்டோரினியில் சூரிய அஸ்தமனத்துக்கு ஓயா ஊரில் நெரிசல் தாங்காது. நான் ஒரு முறை போனேன், தலைகள்தான் தெரிந்தன. அக்ரோதிரிக்கு நேரம் ஒதுக்குங்கள். சுமார் 3,600 வருடம் முன்பு எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர், மாடி வீடும் சாக்கடையும் பெரிய பெரிய தாழிகளும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. மேலே கூரை போட்டிருப்பதால் வெயிலும் இல்லை. எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை, ஜனங்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. சுவர் ஓவியங்களில் சில ஏதென்ஸ் தேசிய மியூசியத்துக்குப் போய்விட்டன. அங்கேயும் ஒரு அரை நாள் போட்டால் கதை முழுமையாகும்.

சாப்பாடு. புரட்டாசிக் கதை இதுதான். பிரேயஸ் துறைமுகத்துக் கடையில் திராட்சை இலையில் சுருட்டிய பண்டம் வந்தது. நங்கையா “மீட்?” என்று கேட்டார். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே “நே, நே” என்றார். இல்லை என்கிறார் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டார். கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆமாம். ‘ஓகி’ என்றால்தான் இல்லை. உள்ளே கொத்துக்கறி. அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆகவே இந்தச் சொல்லைப் படித்துக்கொள்ளுங்கள்: ‘நிஸ்டீசிமோ’. அவர்கள் விரத காலத்துச் சாப்பாடு. கறி, முட்டை, பால் எதுவும் சேராது. ஆனால் கணவாய், இறால் விரதத்தில் உண்டு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சான்டோரினியின் ‘பாவா’ என்பது மஞ்சள் பருப்புக் கடைசல், மேலே பச்சை வெங்காயமும் எலுமிச்சையும். நம் வீட்டுப் பருப்புக்கு அக்கா தங்கை. ‘ஹோர்டா’ வேகவைத்த கீரை. தக்காளிக்குள் அரிசி அடைத்த ‘கெமிஸ்டா’வைக் கறி இல்லாததா என்று கேட்டுச் சாப்பிடலாம். கெட்டித் தயிர் எங்கும் கிடைக்கும். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டு போங்கள். நெய்யும் பால்கோவாவும் வீட்டில் இருக்கட்டும், பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள். அறையில் குக்கர் வைக்காதீர்கள், புகை அலாரம் அடித்தால் ஹோட்டலே வாசலுக்கு வந்துவிடும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். கழிவறையில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடக் கூடாது, குழாய் அடைக்கும், பக்கத்துக் கூடையில்தான். தண்ணீருக்கு ஒரு சின்ன பாட்டில் கையில் இருக்கட்டும். நம் மூன்று பின் பிளக் பொருந்தாது. டிரைவரிடம் “இன்னொரு இடம் மட்டும்” என்று கெஞ்சாதீர்கள்: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம், வண்டியில் ஓடும் கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும்.

ஊர் வந்ததும் டிசிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். என் பணம் வந்து சேர்ந்துவிட்டது. நங்கையா தன்னுடையதை எடுத்து அப்படியே வைத்திருக்கிறார், ‘நே’ சொன்னவனை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம்.